பூட்டிய வீடும் ஓயாத அலாரமும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதத் தபாலில் மூன்று கடிதங்கள் அண்டை வீட்டு அலாரத்தைப் பற்றியே வந்திருந்தன. இரண்டு பேர் அந்தச் சத்தத்தால் தூக்கத்தை இழந்தவர்கள். மூன்றாமவர் அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் வரிசை வீடொன்றில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் வலப்பக்க வீடு கைமாறி இரண்டு வருடமாகிறது. வாங்கியவர் அலாரம் பொருத்திப் பூட்டிவிட்டுப் போனவர், குடிவரவே இல்லை. கடந்த எட்டு மாதமாக அந்த அலாரம் நினைத்தபோதெல்லாம் அலறுகிறது; மழை பெய்து கரண்ட் போய் வரும் இரவுகளில் பெரும்பாலும் அடிக்கிறது. ஒரு நாள் பத்து நிமிடத்தில் ஓயும், இன்னொரு நாள் விடியும் வரை ஓயாது. என் மாமியார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கிறார். என் கணவர் இருமுறை போலீசை அழைத்தார். வந்தவர்கள் டார்ச் லைட் அடித்துப் பார்த்து, திருட்டு ஏதுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுவரேறிக் குதித்து வயரை அறுத்துவிடுகிறேன் என்று என் தம்பி நிற்கிறான். நாங்கள் என்னதான் செய்வது?
— வாசகி, ஜெலுத்தோங்

பதில்: அம்மா, முதலில் உங்கள் தம்பியைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவோம். பிறர் பொருளைச் சேதப்படுத்தும் எண்ணத்தோடு அவர் வளாகத்துக்குள் நுழைவது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவு சொல்லும் அத்துமீறல். வயரை அறுத்துவிட்டால், பிறர் பொருளைச் சேதப்படுத்துவது பற்றிய 425ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். எட்டு மாதம் பாதிக்கப்பட்டவர்களாக இருந்த நீங்கள் ஒரே இரவில் எதிர்த்தரப்பாக மாறிவிடுவீர்கள். அதைவிட வேடிக்கையான காரணம் ஒன்றும் உண்டு. வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் சைரன் பெட்டிகள் பலவற்றுக்குள் தனியாக ஒரு சிறு பேட்டரி இருக்கும். திருடன் வயரை அறுத்தால் அந்தப் பேட்டரியைக் கொண்டு அலறுவதற்காகவே அவை அப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன. தம்பி அறுத்த நொடியில் சத்தம் தொடங்கும், அதை நிறுத்த அறுப்பதற்கு வேறு வயரும் இருக்காது. வாசலில் இருக்கும் மீட்டர் பக்கம் மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். அது 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின்படி தனிக்குற்றம் என்பதோடு, உங்கள் கடிதத்தின்படி அந்த அலாரம் அடிப்பதே கரண்ட் போகும்போதுதான்.

அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது. அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் நின்றுபோனால் அமைப்பைத் தாங்கிப்பிடிப்பது அதன் வேலை. பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கும் அது, சன்னலே திறக்காத வெக்கையான வீட்டில் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். தளர்ந்த பேட்டரியால் பாரத்தைத் தாங்க முடியாமல் பெட்டி அணைந்துபோக, வெளியே இருக்கும் சைரன், யாரோ வயரை அறுத்துவிட்டதாக எண்ணித் தன் சொந்த பேட்டரியில் அலறத் தொடங்குகிறது. ஆக, எட்டு மாதமாக உங்கள் குடும்பத்தை எழுப்பிக்கொண்டிருப்பது, பெரும்பாலும் நூறு ரிங்கிட்டுக்குள் மாற்றிவிடக்கூடிய ஒரு பேட்டரியாக இருக்கலாம். அதை மாற்றச் சாவியோடு ஒரு மனிதர் வரவேண்டும் என்பதுதான் சிக்கல். எனவே நீங்கள் தேட வேண்டியது அந்த வீட்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை. சட்டம், புகார் எல்லாம் அவரை வரவழைப்பதற்கான வழிகள்.

என் ஊகம் சரியா என்று பார்க்க நீங்களே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம், அப்போது மழையோ காற்றோ இருந்ததா, உங்கள் வீட்டில் கரண்ட் போனதா என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியது எங்கும் எடுபடாது. மின்தடையோடு ஒத்துப்போனால் பேட்டரி. மழையில்லாத காற்று இரவுகளில் அடித்தால், கிரில்லிலோ கதவிலோ உள்ள காந்த உணரி விலகியிருக்கக்கூடும். காற்றில் கதவு ஆடும்போது காந்தமும் அதன் இணையும் பிரிய, கதவு திறக்கப்பட்டதாகப் பெட்டி நம்பிவிடும். காரணமே தெரியாமல் நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால், நம் ஊரில் முதல் சந்தேகம் பல்லியின் மேல்தான் விழவேண்டும். மனித உடலின் வெப்ப அசைவை அறியும் உணரியின் முகப்பில் பல்லி ஊர்ந்தாலோ, பூச்சி கூடு கட்டினாலோ, அது அதற்கு ஆள் நடமாட்டமாகத் தோன்றும். இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘உங்கள் அலாரம் எங்களைக் கொல்கிறது’ என்று தொடங்கும் கடிதத்தைக் கிழித்துப்போடுகிற ஒருவர், ‘கரண்ட் போன ஆறு இரவுகளிலும் அடித்திருக்கிறது, பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள்’ என்ற கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தொலைபேசியை நோக்கி நடக்க வாய்ப்பு அதிகம்.

குறிப்பேட்டோடு, உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே, சன்னலோரமாக நின்று, கடிகாரம் தெரியும்படி கைப்பேசியில் இரண்டு மூன்று காணொளிகளும் எடுத்துவையுங்கள். டெசிபல் காட்டும் செயலிகள் துல்லியமானவை அல்ல. அளவுக்குச் சான்றாக அவற்றை நம்ப வேண்டாம். கணக்கு வேண்டுமானால் கணக்கே இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபல் எழுப்பும் சைரன், தடையற்ற வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்து, எட்டு மீட்டரில் சுமார் 92 ஆகும். படுக்கையறையில் தூங்குபவரின் காதில் விழும் தனித்தனி ஒலிகள் 45 டெசிபலைத் தாண்டாதிருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. வரிசை வீட்டின் நாக்கோ (கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய) சன்னல் இந்த இடைவெளியில் எவ்வளவைத் தடுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

சாவிக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? சைரன் பெட்டியிலோ வாசல் கேட்டிலோ பாதுகாப்பு நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் உரிமையாளரின் எண்ணை உங்களுக்குத் தராது, தரவும் கூடாது. ஆனால் உங்கள் எண்ணை அவரிடம் சேர்த்து, அழைக்கச் சொல்ல அதனால் முடியும். வீட்டை விற்றுக்கொடுத்த முகவர் யாரென்று பழைய சொந்தக்காரரிடமோ எதிர்வீட்டாரிடமோ கேளுங்கள். உங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கத்தார் அமைப்பு இருந்தால் அதன் தலைவரிடம் சொல்லுங்கள். அதை மேற்பார்வையிடும் தேசிய ஒருமைப்பாட்டுத் துறை, அண்டை வீட்டார் தகராறுகளைப் பேசித் தீர்க்கச் சமூக நடுவர்களையும் பயிற்றுவித்து வைத்திருக்கிறது. எதுவும் பலிக்காவிட்டால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அந்த வீட்டின் பட்டாவைத் தேடலாம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 384, 385ஆம் பிரிவுகள் இந்தத் தேடலுக்கு இடமளிக்கின்றன; பதிவான உரிமையாளரின் பெயர் அதில் கிடைக்கும். உங்கள் நில வரி ரசீதில் உள்ள லாட் எண்ணை எடுத்துச்சென்றால் பக்கத்து லாட்டை அடையாளம் காண்பது எளிது.

பெயர் தெரிந்ததும் மலாய் மொழியில் அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதி, பதிவு அஞ்சலில் ஒரு பிரதியும் அந்த வீட்டுத் தபால் பெட்டியில் ஒரு பிரதியுமாகச் சேர்த்துவிடுங்கள். குறிப்பேட்டின் நகலை இணையுங்கள். பதினான்கு நாள் அவகாசம் கொடுங்கள். மிரட்டல் வேண்டாம். மாமியாரின் உடல்நிலையைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், ஆனால் கடிதத்தை அதில் தொடங்காதீர்கள். அண்டை வீட்டுத் தொல்லை வழக்குகளில் சட்டம் அளவுகோலாகக் கொள்வது, சாதாரண உடல்நிலையுள்ள ஒருவரின் வாழ்க்கை எவ்வளவு கெடுகிறது என்பதைத்தான். நோயாளி ஒருவர் இருப்பதால் மட்டுமே அது தொல்லையாகிறது என்ற எண்ணத்துக்கு எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. உங்கள் வரிசையில் இன்னும் நான்கு வீட்டார் தூக்கமின்றித் தவிப்பார்கள். அவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். அவர்கள் தமிழர்களாக இருக்க வேண்டியதில்லை, இல்லாதிருந்தால் இன்னும் நல்லது.

பதில் வராவிட்டால் பினாங்கு மாநகர் மன்றத்துக்குச் செல்லுங்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி சத்தமும் தொல்லையாகக் கருதப்படக்கூடியது. அதன் 82ஆம் பிரிவின்படி, தொல்லை யாருடைய செயலாலோ கவனக்குறைவாலோ எழுகிறதோ அவருக்கு, அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வீட்டின் உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ, அதை நிறுத்தும்படி மன்றம் அறிவிப்பு அனுப்பலாம். பணியாவிட்டால் விஷயம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். சட்டத்தின் மலாய் வாசகத்தில் இத்தகைய தொல்லைக்கு ‘காச்சாவ் கங்கு’ என்று பெயர். உங்கள் புகாரில் அந்தச் சொல் இருக்கட்டும். ‘பக்கத்து வீட்டுச் சத்தம்’ என்று மட்டும் எழுதிய கடிதங்கள் எந்தப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று தெரியாமல் மேசை மேசையாகச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டு வரி ரசீது அனுப்புவதற்காக உரிமையாளரின் முகவரி மாநகர் மன்றத்திடம் எப்படியும் இருக்கும் என்பதும் உங்களுக்குச் சாதகமான விஷயம். புகார் எண்ணை வாங்காமல் முகப்பிடத்தை விட்டு நகராதீர்கள். சுற்றுச்சூழல் துறையின் ஒலி வழிகாட்டிகள் காலை 7 முதல் இரவு 10 வரையிலான நேரத்தைப் பகலாகவும், இரவு 10 முதல் காலை 7 வரையிலானதை இரவாகவும் பிரிப்பதால், குறிப்பேட்டிலுள்ள இரவுநேரச் சம்பவங்களைத் தனியாகத் தொகுத்துக் கொடுங்கள்.

போலீசாரைக் குறை சொல்வதற்கில்லை. அலாரம் அடிக்கும்போது அது உண்மையான திருட்டாகவும் இருக்கலாம் என்பதால் 999ஐ அழைத்தது சரிதான்; உங்கள் கணவர் உள்ளே போகாமல் அழைத்தது அதைவிடச் சரி. ஆனால் திருட்டு இல்லையென்றால் அவர்களின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. நிலையத்தில் ஒரு புகார் மட்டும் பதிவுசெய்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் கடைசிப் படி. தொல்லைக்குத் தடையுத்தரவும் இழப்பீடும் கேட்டுச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தொடுக்கலாம், ஆறு ஆண்டுக் கெடு இருக்கிறது என்பதை இப்போதைக்குத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் பணம் கேட்கலாமே தவிர, சைரனை நிறுத்தச் சொல்லிக் கேட்க முடியாது. அந்தக் கட்டம் வந்தால், பினாங்கில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. 1969 முதல் இயங்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: செந்தூலில் ஒரு கொண்டோமினியத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்மாடி வீட்டைச் சில நாள் தங்கிப்போகும் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வருகிறவர்களுக்கு அலாரத்தின் இரகசிய எண் தெரியாமல் வாரத்தில் இரண்டு முறையாவது நள்ளிரவில் அடிக்கவைத்துவிடுகிறார்கள். நிர்வாக அலுவலகத்தில் சொன்னால், ‘அது தனிப்பட்ட விவகாரம், நீங்களே பேசிக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். அப்படியா?
— வாசகர், செந்தூல்

பதில்: அப்படி இல்லை. அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வெளியான ஒழுங்குவிதிகளின் மூன்றாம் அட்டவணையில், எல்லா அடுக்குமாடிகளுக்கும் பொதுவான துணைவிதிகள் இருக்கின்றன. மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் விதத்தில் ஒருவர் தன் வீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவற்றில் அடங்கும். மீறுபவருக்கு 200 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க நிர்வாகத்துக்கு அதிகாரமுண்டு. அலுவலகத்தில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர், முடிவெடுப்பது நிர்வாகக் கழகத்தின் குழு என்பதை நினைவில் வைத்து, குழுவின் தலைவருக்கும் செயலாளருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வரவேற்பறையில் வாயால் சொன்னது புகாராகாது. ஜாகாவின் (காவலாளியின்) பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் குறிப்பேட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதை எழுதுபவர் நிர்வாகத்தின் ஆள்.

குழுவும் அசையாவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 2015 ஜூலை 1 முதல் செயல்படும் அது 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். பொதுவாக அங்கே வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை என்பதால் செலவும் குறைவு. ஆனால் நேரடியாக மனுச்செய்யும் உரிமை வீட்டு உரிமையாளருக்குத்தான். வாடகைக்கு இருப்பவர் அந்த மன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டியிருக்கும். ஆகவே உங்கள் வீட்டுக்காரரை இப்போதே இதில் இழுத்துவிடுங்கள். தன் வீட்டில் வாடகைக்கு ஆள் தரிக்காது என்று தெரிந்தால் அவர் உங்களைவிடச் சுறுசுறுப்பாவார்.

ஒரு எச்சரிக்கை. அடிப்பது மேல்வீட்டின் திருட்டு அலாரமா, கட்டடத்தின் தீ எச்சரிக்கையா என்பதை ஒவ்வொரு முறையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தீ எச்சரிக்கை எத்தனை முறை பொய்த்திருந்தாலும் அதைக் கேட்டதும் படிக்கட்டில் இறங்கியே ஆகவேண்டும்.

கேள்வி: நான் கெப்போங்கில் இருக்கிறேன். இரண்டு முறை வீட்டில் திருட்டுப்போன பிறகே அலாரம் பொருத்தினேன். தீபாவளிக்கு ஐந்து நாள் தைப்பிங்குக்குப் போயிருந்தபோது அது இரண்டு இரவு அடித்ததாம். திரும்பி வந்து பார்த்தால், கேட்டில் திட்டி எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. என் வீட்டைப் பாதுகாப்பது என் உரிமையில்லையா?
— வாசகர், கெப்போங்

பதில்: உரிமைதான். ஆனால் இரண்டாவது இரவு அடித்தபோது உங்கள் வீட்டுக்குள் யாராவது வந்திருந்தால், எத்தனை பேர் சன்னலைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் இரவிலேயே பொய் சொன்ன சைரனைத் தலையணையால் காதை மூடிக்கொண்டு கடந்துவிடுவார்கள். பொய்யாக அடிக்கும் அலாரம் அண்டை வீட்டாரின் தூக்கத்தோடு உங்கள் பாதுகாப்பையும் சேர்த்தே கெடுக்கிறது.

பொருத்தியவரை அழைத்து, சைரன் எத்தனை நிமிடத்தில் தானாக ஓயவேண்டும் என்பதை நிரலில் குறைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அதற்கு வசதி உண்டு. பிரிட்டனில் 1982ஆம் ஆண்டின் நடைமுறை விதித்தொகுப்பு 20 நிமிடம் என்று வரையறுத்தது. என்னைக் கேட்டால் நெருக்கமான தாமானுக்கு அதுவே அதிகம். சைரன் ஓய்ந்த பிறகும் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி வைத்துக்கொள்ளலாம். பேட்டரி எப்போது மாற்றியது என்று பெட்டியின் மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். ஊருக்குப் போகுமுன் உணரிகளின் முகப்பைத் துடையுங்கள், பொருத்தியவர் மின்விசிறிக்கு எதிரேயோ மாலை வெயில் விழும் சன்னலுக்கு எதிரேயோ உணரியை மாட்டியிருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைக்கப்பட்ட அலாரமானால், அழைக்க வேண்டியவர்களாக உங்கள் எண்ணை மட்டும் கொடுக்காமல், கோலாலம்பூரிலேயே இருக்கும் இன்னொருவரின் எண்ணையும் கொடுங்கள். தைப்பிங்கிலிருந்து நீங்கள் நள்ளிரவில் காரை எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை.

சீட்டு ஒட்டியவர் யாரென்று தேடாதீர்கள். இருபக்க வீட்டுக்கும் நேரில் போய், நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்; முறுக்கும் அதிரசமும் மிச்சமிருந்தால் கையோடு கொண்டுபோங்கள். அவர்களில் ஒருவர் நம்பிக்கைக்குரியவர் என்று தோன்றினால் அடுத்த முறை சாவியையும் ஒப்படைக்கலாம். நான் அப்படித்தான் தெலுக் இந்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். மறுநாள் பின்வாசல் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்திருப்பதைப் பார்த்து அவர் நல்லெண்ணத்தோடு கதவைத் திறந்திருக்கிறார், சைரன் அந்த வட்டாரத்தையே எழுப்பியிருக்கிறது. சாவியைக் கொடுத்த நான் இரகசிய எண்ணைச் சொல்ல மறந்திருந்தேன்.